நமக்கு வேதம் சொன்னவர்கள் யார்?



எந்தப் பங்கின் விழா மலரைப் புரட்டினாலும் ஒரு பக்கத்தில் அப்பங்கில் பணியாற்றிய குருக்களின் பெயர்ப் பட்டியலைக் காணலாம். எந்த ஆண்டு வந்தார், எந்த ஆண்டு மாறிச் சென்றார் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். கோயிலுக்குக் கடைக்கால் போட்டவர், மணிக்கூண்டு எழுப்பியவர், பள்ளிக்கூடம் திறந்தவர் ஆகியோரின் புகைப்படங்களும் தவறாமல் இடம்பெறும். செய்ந்நன்றி மறவாத சமுதாயம் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆனால் பெரும்பாலான மலர்களில் ஒரு பட்டியல் மட்டும் விடுபட்டிருக்கும். அது உபதேசியார்களின் பட்டியல். குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்துபோன காலத்தில், மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக் கொடுத்தவர் அவர். சாகக் கிடந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். இறந்தவரை அடக்கம் செய்தவரும், சண்டையிட்ட குடும்பத்தைச் சமாதானப்படுத்தியவரும் அவரே. அவர் பெயர் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. பட்டியல் தயாரிக்கும்போது அவரை நினைத்துப் பார்ப்பாரும் இல்லை.

இதைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. யூபிலி ஆண்டில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நமக்கு வேதம் சொன்னவர்கள் யார்? "குருக்கள்" என்று பதில் சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மையே. வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், தமிழ் மண்ணில் விசுவாசம் வேரூன்றியதற்கும், புயலடித்த காலத்தில் அது பட்டுப்போகாமல் இருந்ததற்கும், குருப்பட்டம் பெறாத ஆயிரக்கணக்கான எளிய மக்களே காரணம் என்பது புலப்படும். விசுவாசத்தைப் பிறருக்குக் கையளிப்பதைத் தங்கள் வாழ்வின் தலையாய நோக்கமாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களது வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முத்துக் குளித்துறையில்

1542-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக் குளித்துறைக்கு வந்தார். அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அக்கடற்கரை மக்களில் பெரும் தொகையினர் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களுக்கு வேதம் கற்பிக்க ஆளில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாதிருந்தது.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. எனவே அவர் முதலில் தேடியது, தமக்குக் கற்றுத்தரக்கூடிய பொதுநிலையினரை! தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்தார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத் தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். மாபெரும் புனிதர் என நாம் போற்றும் அவர், நம் மொழியில் செபம் சொல்ல நம் மக்களிடமே பாடம் கேட்டார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சிறுவர்களுக்குக் கற்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. கற்றதை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்குமாறு அவர்களைப் பணித்தார். நோயாளிகளிடம் போக நேரமில்லாதபோது தமது செபமாலையைச் சிறுவர் கையில் கொடுத்தனுப்பி, நோயாளியின் அருகே நின்று செபிக்கச் சொன்னார். ஆக, கடற்கரையின் முதல் மறைக்கல்வி ஆசிரியர்களில் பலர் பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் என்றால் மிகையன்று.

ஓரூரில் தங்கி அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, அவ்வூரில் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்தார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அவரே பிற்காலத்து உபதேசியாருக்கும் கோயிற்பிள்ளைக்கும் முன்னோடி. செபங்களைச் சொல்லிக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டுவதும், ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவருடைய வேலை. இவர்களுடைய சம்பளத்துக்காகச் சவேரியார் போர்த்துக்கீசிய ஆளுநரிடம் 4000 பணம் கேட்டுப் பெற்றார். அத்தொகை அதுவரை போர்ச்சுகல் நாட்டு அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த வருமானம்! இக்குழந்தைகளைவிட மேலான காலணி விண்ணகம் ஏறுவதற்கு அரசியாருக்குக் கிடைக்காது என்னும் பொருள்பட அவர் எழுதினார். தமிழக உபதேசியார்களின் முதல் சம்பளம் வந்த வழி இதுவே.

சவேரியார் இக்கடற்கரையில் இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1545-இல் மலாக்காவுக்குச் சென்றுவிட்டார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீன நாட்டின் வாயிலில் சான்சியன் தீவில் உயிர்நீத்தார். அவர் போனபின் அணைந்துபோகாமல் அந்த விளக்கைக் காத்தவர்கள் அந்தந்த ஊரிலேயே பிறந்து, அந்தந்த ஊரிலேயே இறந்தவர்கள்.

அவருக்குப்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக இக்கடற்கரையில் உழைத்த அண்டிரிக்கு அடிகளார் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்", இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்பது நாம் அறிந்ததே. பதினாறே பக்கங்கள் கொண்ட அது என்ன நூல்? காவியமா? இலக்கணமா? எளிய மக்களுக்கு ஞான உபதேசம் கற்பிக்கும் சிறு நூல்! தமிழ் அச்சுக்கலை தன் முதல் அடியை உபதேச வகுப்பில் எடுத்து வைத்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

குருவில்லாத யாழ்ப்பாணம்

குருக்களே இல்லாது போனால் என்ன நடக்கும்? இக்கேள்விக்கு விடை காணக் கடலைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். முத்துக் குளித்துறையோடு நெருங்கிய உறவு கொண்டிருந்த அப்பகுதியிலும் கத்தோலிக்க விசுவாசம் பரவியிருந்தது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்குப் புகலிடம் அளிப்பதும் குற்றமாயிற்று. கோயில்கள் கைமாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே மேய்ப்பர் இல்லை.

1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை முதலிய ஊர்களில் இரவு நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு திருப்பலி நிறைவேற்றினார்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 1658-இல் பிறந்த குழந்தைக்கு 1687-இல் 29 வயது. தன் வாழ்நாளில் ஒரு குருவைக்கூடப் பாராத அவருக்கு, செபமாலை என்றால் என்னவென்று எப்படித் தெரிந்தது? அதைக் கண்டதும் அவர் உள்ளம் ஏன் துள்ளியது? யாரோ ஒரு தாய், யாரோ ஒரு பாட்டி, விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த மெல்லிய குரலே யாழ்ப்பாணத் திருச்சபையைக் காப்பாற்றியது.

யோசேப் வாஸ் அடிகளாரும் அவருடன் உழைத்த குருக்களும் இப்பாடத்தை மறக்கவில்லை. ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலையினரைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். மூப்பர் சமூகத்தை நடத்தினார். அண்ணாவியார் செபமும் உபதேசமும் கற்பித்தார். குருவானவர் மாதக்கணக்கில் வராவிட்டாலும் சபை கலையாமல் இருந்தது. 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் மரித்த யோசேப் வாஸ் அடிகளாருக்கு, 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். அப்பெருமையில் பெயர் தெரியாத அண்ணாவிமாருக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

தடியத்தேவருக்கு வேதம் சொன்னவர்

இனி மறவ நாட்டுக்கு வருவோம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். அவரது இரத்தத்தால் சிவந்ததாகப் போற்றப்படும் அம்மணலை நம்மில் பலர் திருயாத்திரை சென்று வணங்கியிருப்போம். அவருடைய கொலைக்குக் காரணமாக அமைந்தது தடியத்தேவரின் மனமாற்றம் என்பதும் நாம் கேட்டறிந்ததே. அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபின் ஒரே மனைவியுடன் வாழத் தீர்மானித்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுப்பெண். அங்கே மூண்ட கோபமே அருளானந்தரின் உயிரைக் குடித்தது.

ஆனால் தடியத்தேவர் கிறிஸ்துவை அறிந்தது எவ்வாறு? அவர் தீராத நோயில் விழுந்து, கிறிஸ்தவர்களின் உதவியை நாடி ஆளனுப்பியபோது, அருளானந்தர் தாம் நேரில் செல்லாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அந்த உபதேசியார் நோயாளியின் படுக்கையருகே நின்று சுவிசேஷத்தை வாசித்துச் செபித்தார். நோயாளி குணமடைந்தார். அதன்பிறகே தடியத்தேவர் சுவாமியாரைக் காண ஆவல் கொண்டார். 1693-ஆம் ஆண்டு மூன்று இராசாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

அருளானந்தரின் பெயரை உலகமே அறியும். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது. தடியத்தேவரின் பெயரும் நிலைத்துவிட்டது. படுக்கையருகே நின்று சுவிசேஷம் வாசித்த அந்த உபதேசியாரின் பெயரை நம்மில் எத்தனைபேர் கேட்டிருப்போம்? அவர் செய்தது எளிய காரியமன்று. கிறிஸ்தவ போதகர்களைக் கண்டால் பிடிக்கும் நாட்டில், அரச குடும்பத்தார் வீட்டுக்குள் தனியாக நுழைந்தார். 1686-இல் அருளானந்தர் முதன்முறை பிடிபட்டபோது அவரோடு உபதேசியார்களும் சேர்ந்தே வதைபட்டனர் என்பதை அவர் அறியாதிருக்க முடியாது. அறிந்தே போனார்.

வீரமாமுனிவரின் கவலை

உபதேசியார் எல்லாரும் புனிதர்களாய் இருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வரலாறு அப்படிக் கூறவுமில்லை. பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இருந்தனர். அதிகாரம் செய்தவர்கள் இருந்தனர். கண்டிக்கப்பட்டபோது பகைமை கொண்டு, குருக்களுக்கு எதிராகவே அரசாங்கத்தாரிடம் போனவர்களும் உண்டு. கூலிக்கு மாரடிப்பவர் எந்தப் பணியிலும் இருப்பர்.

இதை உணர்ந்த வீரமாமுனிவர், உபதேசியார்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1727-இல் எழுதப்பட்ட "வேதியர் ஒழுக்கம்" என்னும் உரைநடை நூலே அது. வேதியர் என்னும் சொல் வழக்கமாக யாரைக் குறிக்கும் என்பது தமிழறிந்தவர்களுக்குத் தெரியும். அச்சொல்லை எடுத்து, ஊரூராய் நடந்து, ஏழை எளியவர்களிடையே சத்திய வேதத்தைப் போதிக்கும் உபதேசியாருக்குச் சூட்டினார் முனிவர். அது பெரிய மரியாதை, பெரிய பொறுப்பும்கூட.

தலைப்பையும் கவனியுங்கள். எப்படிப் பேச வேண்டும், எப்படி வாதாட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன், வேதியர் எப்படி வாழ வேண்டும் என்பதையே அவர் முன்வைத்தார். புனித இஞ்ஞாசியாரின் ஞானத் தியான முறையில் பயின்ற அவர், பிறர் ஆன்மாவைத் தேடிப் போகிறவர் முதலில் தம் ஆன்மாவைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருந்தார். "தேம்பாவணி" பாடிய பெரும்புலவர், அதே கையால் எளிய உபதேசியார்களுக்காக ஒரு நூல் எழுதினார் என்றால், திருச்சபையின் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது என்று அவர் கருதினார் என்பது தெளிவு.

ஒரு கைதி சொன்ன கதை

சம்பளம் பெற்ற உபதேசியார்தான் வேதம் சொல்ல வேண்டுமா? புனித தேவசகாயத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படையினர் தோற்றனர். பிடிபட்டவர்களுள் ஒருவர் டி லனாய் என்னும் போர்வீரர், கத்தோலிக்கர். மன்னர் அவரது திறமையை அறிந்து தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அரசுப் பணியில் இருந்த நட்டாலம் ஊரைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை அவருடன் பழகினார். நீலகண்டரின் குடும்பத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம். ஆடுமாடுகள் மடிந்தன, பயிர் பாழாயிற்று. வாடிய முகத்துடன் இருந்த நண்பரிடம் டி லனாய் பரிசுத்த யோபு பட்ட பாடுகளை எடுத்துச் சொன்னார்.

டி லனாய் குருவுமல்லர், உபதேசியாருமல்லர். அந்நிய நாட்டில் கைதியாய் வந்து சேர்ந்தவர். நண்பர் துயரத்தில் இருந்த வேளையில் தம் விசுவாசம் தமக்குத் தந்த ஆறுதலை அவரோடு பகிர்ந்துகொண்டார், அவ்வளவே. அந்த ஓர் உரையாடலிலிருந்து விதை முளைத்தது. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் என்று தமிழில் அழைக்கப்பட்ட புத்தாரி அடிகளார் கையால் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார். அவர் தம் விசுவாசத்தை முதலில் தம் மனைவியோடு பகிர்ந்துகொண்டார். அந்த அம்மையார் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமறையில் சேர்ந்தார். பின்னர் உடன் பணியாற்றிய வீரர்களிடம் பேசினார். மேல் சாதி, கீழ் சாதி என்று பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார்.

1749 பிப்ரவரியில் பிடிபட்டது முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் பட்ட பாடுகளை நம் தாய்மார் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்திருக்கிறார்கள். எருமை மேல் ஏற்றி எருக்கம்பூ மாலையிட்டு ஊர்வலம் விட்டனர்; பிரம்பால் அடித்தனர்; காயங்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தனர். பெருவிளையில் மரத்தில் கட்டி வைத்திருந்தபோதுகூட, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவரிடம் ஆறுதல் மொழி கேட்டுத் திரும்பினார்கள். கட்டுண்ட நிலையிலும் அவர் தம் வாழ்வின் நோக்கத்தை விட்டுவிடவில்லை. 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவரது உடலின் எச்சங்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவர். மனைவியுடன் குடும்பம் நடத்தியவர், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், நம்மைப் போன்றவர்!

இருண்ட அறுபது ஆண்டுகள்

தேவசகாயம் மரித்த சில ஆண்டுகளில் பெரும் புயல் வீசியது. 1759-இல் போர்ச்சுகல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையாரை வெளியேற்றத் தொடங்கியது. 1773-இல் பாப்பிறை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். தத்துவ போதகர் 1606-இல் தொடங்கிய மதுரை மிஷன் மேய்ப்பரின்றித் தவித்தது. புதுச்சேரியிலிருந்து பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களும், கோவாவிலிருந்து வந்த குருக்களும் இயன்றவரை உழைத்தனர். ஆனால் அவர்கள் மிகச் சிலரே. அதே காலத்தில் ஐதர் அலியின் படையெடுப்பு, பாளையக்காரர் போர்கள், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் நாட்டை வாட்டின.

1830-களின் இறுதியில் சேசு சபைக் குருக்கள் பிரான்சிலிருந்து மீண்டும் வந்தபோது, ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் அவர்களை எதிர்கொண்டார்கள். சில இடங்களில் கோயில் இடிந்து கிடந்தது. செபம் இடிந்து போகவில்லை. உபதேசியார் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு வழிபாடு நடந்து வந்தது. தகப்பனார் உபதேசியாராய் இருந்த இடத்தில் மகன் உபதேசியாராய் இருந்தார். புதிதாக வந்த இளம் குருக்களில் பலர் முதல் ஆண்டுகளிலேயே நோய்க்குப் பலியானார்கள். அவர்களுக்குக் கல்லறை தோண்டி, அடுத்து வந்தவர்களுக்கு வழிகாட்டியாக முன்னே நடந்தவர்களும் உபதேசியார்களே.

தடைச்சுவர்

நம் பெருமைகளை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் கட்டப்பட்ட பெரிய கோயில் பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரிந்து நின்றது. சாதிக்கொரு பக்கம், இடையே சுவர். ஒரே பீடம், ஒரே நற்கருணை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வழிபட்டனர். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் வெற்றி பெறவில்லை.

விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். பிறர் நம்மிடம் சுவிசேஷத்தைக் கேட்பதற்கு முன் நம் கோயிலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே சுவர் தெரிந்தால் வாயால் சொல்லும் வேதம் அவர்கள் காதில் ஏறாது. வீரமாமுனிவர் ஒழுக்கத்தை முதலில் வைத்ததன் காரணம் இதுவே. கல்லால் கட்டிய சுவர் இடிந்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. கல்லறைத் தோட்டத்திலும், தேர் பவனியிலும், பங்குப் பேரவைத் தேர்தலிலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும் நிற்கும் சுவர்களை இடிக்க இன்னொரு கௌசானல் அடிகளாருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

சங்கம் சொன்னது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் திருச்சபையின் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டை வெளியிட்டது. ஆணும் பெண்ணுமாகிய உபதேசியார்களின் உழைப்பை அது மனமாரப் பாராட்டுகிறது. மறைபரப்புப் பணி திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் உரியது என்றும் கற்பிக்கிறது. அதே நாளில், அதே சங்கம், சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டையும் வெளியிட்டது. எவரையும் விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, மனச்சான்றை மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டும் ஒரே நாளில் வந்தது பொருள் பொதிந்தது. பகிர்வது கடமை, திணிப்பது பாவம். நம் நாட்டு அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவும் மனச்சான்றுச் சுதந்திரத்தையும், தன் சமயத்தைக் கடைப்பிடித்துப் பரப்பும் உரிமையையும் ஒருசேரக் கூறுகிறது. டி லனாய் தம் நண்பரிடம் ஆசை காட்டவுமில்லை, அச்சுறுத்தவுமில்லை. அந்த வழியே நம் வழி.

அண்மையில் 2021 மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான பொதுநிலையினர் திருப்பணியாக ஏற்படுத்தினார். நம் முன்னோர் ஐந்நூறு ஆண்டுகளாகச் செய்துவந்த பணிக்கு அகில உலகத் திருச்சபை அளித்த முத்திரை என்று இதைக் கொள்ளலாம்.

நம் பங்குக்கு இதன் பொருள்

அன்பார்ந்தவர்களே! இன்று நமக்குக் குறைவென்ன? ஞாயிறுதோறும் திருப்பலி உண்டு. ஒலிபெருக்கி உண்டு. வேதாகமம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு, கைப்பேசியிலும் உண்டு. ஆயினும் மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று கேட்டால், "டியூஷன் இருக்கிறது சாமி" என்கிறார்கள். ஆசிரியராக வாருங்கள் என்று கேட்டால், "அதற்குத்தான் கன்னியர்கள் இருக்கிறார்களே" என்கிறார்கள். வேதம் சொல்வது சாமியாருக்கும் கன்னியருக்கும் உரிய வேலை, நமக்குரியது வரி கட்டுவதும் திருவிழா நடத்துவதும் என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. இது நம் முன்னோர் அறியாத எண்ணம்.

1658-இல் யாழ்ப்பாணத்துத் தாய்மார், "குருவானவர் வரட்டும், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்" என்று இருந்திருந்தால், 1687-இல் யோசேப் வாஸ் அடிகளார் யாரைத் தேடியிருப்பார்? இக்கேள்வி நமக்கும் உரியது. இந்தக் கோயில் உறுதியான கட்டடம். அடுத்த யூபிலிக்கும் நிற்கும். உள்ளே யார் முழந்தாளிட்டு இருப்பார்கள் என்பதை இன்றைக்கு உங்கள் வீட்டில் நடக்கும் மாலைச் செபமே தீர்மானிக்கும்.

எனவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்யும்படி ஒவ்வொரு குடும்பத்தையும் வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் குடும்பத்தில் முதன்முதல் விசுவாசத்தைப் பெற்றவர் யார், அவருக்கு அதைச் சொன்னவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உபதேசியார் பெயர் எவருக்காவது நினைவிருந்தால் பங்கு அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். கிடைக்கும் பெயர்களையெல்லாம் தொகுத்து, குருக்களின் பட்டியலுக்கு அருகிலேயே கோயிலில் எழுதி வைப்போம். கல்லறைத் திருநாளன்று அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம்.

இரண்டாவது, பெற்றோரே தங்கள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுங்கள். பள்ளியும் பங்கும் அதற்குத் துணை செய்யலாம்; உங்களுக்குப் பதிலாக நிற்க முடியாது. சவேரியார் சிறுவர்களைக் கொண்டு பெற்றோருக்கு வேதம் சொல்லி அனுப்பினார். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லும் நற்பேற்றைப் பெற்றோர் இழந்துவிடலாகாது.

மூன்றாவது, துயரத்தில் இருக்கும் அண்டை வீட்டாரைத் தேடிச் செல்லுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரி. எந்தத் தெருவினராயினும் சரி. அருகே உட்காருங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் விரும்பிக் கேட்டால், உங்களுக்குத் துன்ப வேளையில் ஆறுதல் தந்தவர் யாரென்று சொல்லுங்கள். யோபுவின் கதையைச் சொல்வதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை.

கேள்விப்படாமல் எப்படி விசுவசிப்பார்கள் என்பது புனித சின்னப்பரின் கவலை. அக்கவலையைத் தங்கள் கவலையாக்கிக்கொண்டு, மணியடித்தும், மடியில் வைத்துச் சொல்லியும், நோயாளியின் படுக்கையருகே நின்றும் நமக்கு வேதம் சொன்னவர்கள், தங்கள் கடனைச் செவ்வனே தீர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இனி அது நம் கடன். விண்ணக அரசியான அன்னை மரியாளும், புனிதர்களான சவேரியார், அருளானந்தர், யோசேப் வாஸ், தேவசகாயம் ஆகியோரும், பெயர் அறியாத நம் உபதேசியார்கள் அனைவரும் நமக்காக இறைவனை மன்றாடுவார்களாக! யூபிலி ஆண்டின் ஞான நன்மைகள் உங்கள் இல்லங்களில் நிறைவாகத் தங்குவனவாக!